காதுக்கு எட்டுகிற தமிழ்

மார்கழி, தை மாதங்களில் திருவண்ணாமலை செங்கம் சாலையில் நடந்தால், ரமணாசிரமத்தை ஒட்டி நிறைய வெளிநாட்டவரைப் பார்ப்பீர்கள். மாதக்கணக்கில் தங்கித் தமிழ் கற்பவர்களும் அவர்களில் உண்டு. கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். ஆனால் கடைக்காரர் வாயைத் திறந்தால் ஒன்றும் புரியாமல் நிற்பார்கள்.

இதில் அவர்கள் குற்றம் எதுவுமில்லை. புத்தகம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று கற்பிக்கிறது. நம் ஊர்க்காரர் ‘வந்துனு இருக்கேன்’ என்கிறார். வானொலிச் செய்தி எழுத்துத் தமிழில் வருகிறது. சினிமா வசனமோ ஓடுகிற ஓட்டத்தில் காதில் நிற்பதில்லை. நிதானமாகப் பேசும் பேச்சுத்தமிழ்தான் புதிதாகக் கற்பவருக்கு வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை.

கிடைப்பவற்றில் நான் முதலில் சொல்வது, மொழியியலாளர்கள் ஆஷரும் இ. அண்ணாமலையும் எழுதி 2002-இல் வெளிவந்த ‘கலோக்கியல் தமிழ்’ என்ற பாடநூல். அதன் ஒலிப்பதிவுகளைப் பதிப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஓர் உரையாடலை முதலில் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்க வேண்டும். பிறகு வரிகளைப் பார்த்தபடி. மறுநாள் மறுபடி மூடிவைத்து. இப்படி ஒன்றையே பலமுறை கேட்பது, பத்து உரையாடல்களை ஒரே நாளில் ஓட்டுவதைவிட மேல்.

காதைப் பழக்க இன்னொரு வழியும் உண்டு. ரமணாசிரமத்தில் மாலையில் தமிழ்ப் பாராயணம் நடக்கிறது. ரமணர் பாடிய அட்சரமணமாலையின் 108 கண்ணிகளையும் கேட்டுக் கூடவே சொல்லிவந்தால் ல, ள, ழ மூன்றும் காதில் தனித்தனியாகப் பிரியும். ஆனால் பாராயணம் பேச்சைக் கற்றுத்தராது. பக்கத்தில் ஒருவர் இருந்து பேசினால்தான் மொழி வரும்.

அதற்குக் கோயில் வாசல் பூக்கடை போதும். ‘முழம் எவ்ளோக்கா?’ ‘முப்பது ரூபா. ரெண்டா வாங்கினா அம்பதுக்குத் தரேன்.’ அரை மணி நேரம் நின்றால் இதே பேச்சு ஆள் மாறி ஆள் மாறித் திரும்ப வரும். எண்கள் அங்கேயே பதிந்துவிடும். பேருந்து நிலையத்தில் ‘செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி’ என்று நடத்துனர் கூவுவதைக் கேட்டுவிட்டு, பேருந்தின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் பங்கும் இருக்கிறது. வெள்ளைக்காரரைக் கண்டதும் நாம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். தயவுசெய்து தமிழிலேயே பதில் சொல்லுங்கள். நிதானமாக, ஆனால் வீட்டில் பேசுகிற அதே தமிழில். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். இன்று காலை என்ன சமைத்தார் என்று உங்கள் அம்மாவைச் சொல்லச் சொல்லி, இரண்டு நிமிடம் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, அவர் சம்மதத்தோடு, தமிழ் கற்கும் ஒருவரிடம் இரண்டையும் கொடுங்கள்.