ஊரிலா, இங்கேயா?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஜூ டவுனின் மிளகு, சுக்குக் கிடங்குகளை நம்பி இங்குக் குடியேறியவர்கள் நம்மில் பலர். இன்று நம் பிள்ளைகள் சிலர் படித்தும் வேலையின்றி இருக்கின்றனர். "ஊரில் பதிந்தால் உதவித் தொகை அதிகமாமே!" என்று பெற்றோர் கேட்கின்றனர்.

உண்மைதான். தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய திட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேறியோருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிகளுக்கு 600. கேரளத்தில் 1982-இல் தொடங்கிய திட்டத்திலோ 120 ரூபாயே. அது எத்தனை வேளைச் சோற்றுக்குக் காணும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

ஆயினும், அங்கே உதவி பெறப் பள்ளிப் படிப்பைத் தமிழ்நாட்டில் முடித்திருத்தல் வேண்டும். இல்லையேல் பெற்றோர் அங்கே 15 ஆண்டுகள் வசித்திருத்தல் வேண்டும். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து படித்த பிள்ளைக்கு அவ்வழி எளிதன்று. இங்கோ, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, 18 வயதுக்குப் பின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்றாண்டுப் பதிவு இருத்தல் வேண்டும். வயது 35-ஐத் தாண்டலாகாது. மொழி எதுவென்று எவரும் கேட்பதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 12,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்னும் விதிதான் பலரைத் தள்ளிவிடுகிறது. அதனை உயர்த்துமாறு நம் சங்கம் அரசுக்கு விண்ணப்பித்தல் தகும்.

பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் காத்திருந்த ஆண்டுகள் வீணாகிவிடும். இன்றிரவே பிள்ளைகளின் பதிவு அட்டையை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைப் பாருங்கள்.