இயற்கையை அறிய விரும்பும் மாணவர்களுக்கு
(தோட்ட நூலகத் திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரை)



இரவில் கூகை அலறினால் கெட்ட சகுனமென்று அஞ்சி, கல்லெறிந்து விரட்டுவோர் நம்மிடையே உண்டு. மலாய் மொழியிலும் ஆந்தைக்குப் 'பேய்ப் பறவை' என்றே பெயர். ஆனால், செம்பனைத் தோட்டத்தில் கூகைக்கு முதன்மையான உணவு, பழங்களைக் கடித்துச் சேதப்படுத்தும் எலியேயாகும். அதனாலன்றோ பல தோட்டங்களில் கம்பத்தின்மீது அதற்குக் கூட்டுப்பெட்டி அமைத்துத் தருகின்றனர்! இத்தகைய அறிவை வளர்க்கும் நூல்கள் சிலவற்றை இன்று உங்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்'. குடும்ப வறுமையால் ஏறக்குறைய 14 வயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கினார். மலாக்காவில் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். லேடாங் மலையிலும் ஏறினார். எட்டு ஆண்டுகளில் அவர் திரட்டிய உயிரின மாதிரிகள் 1,25,000க்கும் அதிகம். இயற்கைத் தேர்வுக் கொள்கையை, டார்வினைப் போலவே, தாமும் தனித்துக் கண்டறிந்தார். இத்தகைய நூல்கள் தேர்வுக்கு உதவுமா என வினவும் பெற்றோருக்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

இரண்டாவது, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர் 1940இல் எழுதிய 'மலாயாவின் சாலையோர மரங்கள்'. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மரங்களை இலை, பூ, காய் கொண்டு இனங்காண அது கற்பிக்கிறது.

மூன்றாவது, அமெரிக்க அறிஞர் ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்'. பூச்சிக்கொல்லிகளை அளவின்றித் தெளித்தால் பறவைகளும் மடியும் என்று எச்சரித்த நூல் அது. அதன் உண்மையை நம் நாடும் கண்டது. 1960களின் தொடக்கத்தில் இங்குள்ள செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளித்தபோது, ஓலை தின்னும் பைப்புழுக்கள் குறையவில்லை, பெருகின! அப்புழுக்களை அழித்துவந்த சிறு குளவிகளை அம்மருந்து கொன்றதே காரணம்.

இம்மூன்றும் ஆங்கில நூல்கள். அகராதியைத் துணைக்கொண்டு, ஆசிரியரின் உதவியோடு சிறிது சிறிதாகப் படியுங்கள். தமிழில் தொடங்க விரும்புவோர், சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் (1912–1996) கட்டுரைகளைத் தேடிப் படிக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இன்று எம்மரம் பூத்தது, எப்பறவை வந்தது, மழை எப்போது பெய்தது என்று நாள்தோறும் எழுதுங்கள். ஓராண்டு நிறைவில், உங்கள் தோட்டத்தின் இயற்கை வரலாறு உங்கள் கையெழுத்திலேயே உருவாகியிருக்கும். அந்நூலும் இந்நூலகத்தில் இடம்பெற வேண்டும்.