புதிய டயர் எந்தச் சக்கரத்திற்கு?



சென்ற ஆண்டு ஆடித் திங்களில் என் மகன் தன் மனைவியையும் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு காரில் வால்பாறைக்குச் செல்வதாக இருந்தான். ஆழியாற்றிலிருந்து மேலேறும் அப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் 40. ஆடி மாதத்தில் அங்கே பெய்யும் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, புறப்படுமுன் டயர்களைப் பார்த்துவிடலாம் என்று, பேரனின் கணிதப் பெட்டியிலிருந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வண்டியருகில் குந்தினேன்.

புத்தம் புதிய டயரில் பள்ளங்களின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். எங்கள் வண்டியின் பின் டயர்களில் 5 மில்லிமீட்டர் இருந்தது. முன் டயர்களிலோ 2 மில்லிமீட்டர்தான். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயருடன் காரை ஓட்டலாகாது என்பது நம் நாட்டு விதி. நான்கையும் மாற்றப் பொருள் போதாமையால், இரண்டு மட்டும் வாங்குவதென்று முடிவாயிற்று.

டயர்க் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஜாக்கியை வைத்து முன்சக்கரங்களைக் கழற்றலானார். “தம்பி, புதிய இரண்டையும் பின்னால் மாட்டுங்கள், பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டு வாருங்கள்” என்றேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “ஐயா, தேய்ந்தவை முன் டயர்கள். வண்டியை இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம். புதியவற்றைப் பின்னால் போட்டால் வீண்தானே?” என்றார். என் மகனும் அவர் பக்கமே பேசினான்.

அவர்கள் கேட்டது அறிவுடைய கேள்வியே. முன்பு ஓடிய அம்பாசடர் போன்ற வண்டிகளில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே சென்றது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இல் அது முன்சக்கரங்களுக்குச் சென்றது. இன்று நம் குடும்பங்களில் உள்ள சிறு கார்களிற் பெரும்பாலானவை இவ்வகையின. இழுத்தல், திரும்புதல், பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்று சுமைகளையும் தாங்குவதால் முன் டயர்களே விரைந்து தேய்கின்றன. ஆனால், எது முதலில் தேய்கிறது என்பது ஒரு வினா. எங்கே பிடிப்பு மிகுதியாக இருக்க வேண்டும் என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான் குழப்பம் விளைகிறது.

அம்பை எண்ணிப் பாருங்கள். அதன் இறகு பின்முனையில் இருக்கிறது. இறகு காற்றைப் பற்றி வாலை அடக்கி வைப்பதனால்தான் அம்பு நேரே பறக்கிறது. இறகை முன்முனையில் கட்டினால் அது சுழன்று விழும். காருக்கு இறகு பின் டயர்களின் பிடிப்பே.

ஈரமான வளைவில் முன் டயர்கள் பிடிப்பிழந்தால் என்ன நிகழும்? வண்டி நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிப்புறமாக அகன்று செல்லும். அச்சங்கொண்ட மனிதன் உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். எடுத்ததும் வேகம் குறையும். வண்டியின் எடை முன்புறம் சாயும். முன் டயர்கள் பெரும்பாலும் மீண்டும் சாலையைப் பற்றும். இங்கே அச்சமே நமக்குத் துணை செய்கிறது.

பின் டயர்கள் பிடிப்பிழந்தாலோ கதை வேறு. வால்புறம் வெளியே வீசப்படும். அப்போதும் அம்மனிதன் காலை எடுப்பான், அல்லது பிரேக்கை மிதிப்பான். எடை முன்னே சாயும். முன்பே பிடியற்றிருக்கும் பின்புறம் இன்னும் இலேசாகும். வண்டி பம்பரம்போல் சுழலும். சுழற்சிக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பி மீள்வதற்குத் தேர்ந்த பயிற்சி வேண்டும். நம் வீடுகளில் கார் ஓட்டுவோரில் எத்தனை பேருக்கு அப்பயிற்சி உண்டு? மலையிலிருந்து இறங்கும்போது எடை முன்னரே முன்புறம் சாய்ந்திருப்பதால், ஆபத்து மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சமவெளிச் சாலையில் வேறோர் இடரும் உண்டு. பள்ளங்களால் கடத்த இயலாத அளவு நீர் சாலையில் நின்றால், விரைந்து செல்லும் டயர் அந்நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ன், ட்ரெஹர் என்னும் இருவர் 1963இல் இதற்கொரு வாய்பாடு வெளியிட்டனர். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்குங்கள், மிதக்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 30 பவுண்டுக்கு ஏறத்தாழ 57 மைல், அதாவது 91 கிலோமீட்டர். காற்றுக் குறைந்த டயர் இதனினும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். தேய்ந்த டயருக்கு மெல்லிய நீர்ப்படலமே போதும். அத்தேய்ந்த டயர் பின்னால் இருந்தால், முன்புறம் சாலையைப் பற்றியிருக்க, பின்புறம் மட்டும் மிதக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கோ கடைசி நொடி வரை ஒன்றும் தெரியாது.

என் மகன் ஒரு தடை எழுப்பினான்: “புதிய டயர் முன்னால் இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்குமே, அப்பா?” உண்மை, நேர்ச்சாலையில் சற்றுக் குறைந்த தூரத்தில் நிற்கும். அக்குறையை முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட்டு ஈடுசெய்யலாம். சுழலும் வண்டிக்கு அப்படி ஈடு ஒன்றும் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளும், முன்னும் பின்னும் வேறு வேறு அளவுள்ள டயர் பூண்ட வண்டிகளும் இப்பேச்சுக்குப் புறம்பானவை. அவற்றிற்கு அவற்றின் கையேடே வழி.

இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டும், கூலி கூடும் ஐயா” என்றார். கொடுத்தோம். 2 மில்லிமீட்டர் டயர்களை அங்கேயே விட்டுவிட்டோம்.

உண்மையில் குறை எங்களுடையதே. நான்கும் புதிதாக இருந்த நாள்முதல், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றி வந்திருந்தால், நான்கும் ஒருங்கே தேய்ந்திருக்கும், இக்கேள்வியே எழுந்திராது. ஆனால் நான்கையும் ஒரே நாளில் வாங்க வேண்டியிருக்கும். அதற்கென என் மருமகள் மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து வருகிறாள்.