படகுப் பிரயாணமும் நமது பாதுகாப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தாவாகிய எம்மைப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினோம். யாம் பொறியியல் பயின்றோம் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு நின்றுவிட்டோம். ஆயினும், மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்திற்குப் பல்லாண்டுகளாகப் பஸ்ஸிலும் படகிலும் போய்வரும் பிரயாணி என்ற தகுதி எமக்கு உண்டன்றோ?

நம் கண்ணெதிரே வில்லிங்டன் தீவு; அதற்கு அப்பால் எர்ணாகுளம். தரைவழியே செல்வதாயின் தோப்பும்படி சுற்றிப் பாலங்களைக் கடந்தாக வேண்டும். நீர்வழியோ நேர்வழி. ஆனால் நம் பழைய படகுத்துறையில் சேறு படிந்து, ஆண்டுக்கணக்கில் படகே வாராதிருந்தது. 2023 ஏப்ரல் 25 அன்று கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் வைப்பினுக்கும் காக்கநாட்டிற்கும் படகுகள் ஓடின. 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சிக்கு வந்தன. நம் மட்டாஞ்சேரி முனையம் திறக்கப்பட்டது 2025 அக்டோபர் 11-ஆம் நாள். பழம்பெரும் வணிகத்துறையைச் சேர்ந்த நம்மைப் பின் பந்தியில் அமர்த்திவிட்டார்களே என்று சிலர் குறைப்பட்டனர். இருக்கட்டும், இலை போட்டார்களே!

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான இப்படகுகள் மின்கலத்தால் ஓடுவன. அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்து அமைந்திருப்பதால் அதிகம் ஆடுவதில்லை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மிதவைத் துறையும் உடன் ஏறி இறங்குகிறது. படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. புடவையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையை யாரிடமோ நீட்டி, நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய படகில் தாவி ஏறியதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவை அனைத்திலும் எம்மைக் கவர்ந்தது வாசலில் உள்ள சுழல் கதவே. அது ஒவ்வொரு தலையாக எண்ணுகிறது. நூறு ஆனதும் வழிவிட மறுக்கிறது. கெஞ்சினாலும் திறவாது, அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் திறவாது.

இதன் முக்கியத்துவத்தை அறிய இந்நாட்டுக் காயல்களின் கதையை நினைவுகூர வேண்டும். 1924 ஜனவரியில் பல்லனையில் 'ரிடீமர்' படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் மறைந்தார். அப்படகில் கூட்டம் மிகுந்திருந்தது. 2002 ஜூலை 27 அன்று குமரகத்தருகே வேம்பநாட்டுக் காயலில் 29 பேர் மாண்டனர். அப்படகிலும் கூட்டம் மிகுதி. அவர்களுள் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். வாட்டர் மெட்ரோ தொடங்கிய பன்னிரண்டாம் நாளில், 2023 மே 7 அன்று, தானூரில் அளவுக்கு மேல் ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். நம் வாசலிலேயே, 2015 ஆகஸ்டு 26 அன்று, வைப்பினிலிருந்து வந்த படகின்மீது ஃபோர்ட் கொச்சித் துறையருகே மீன்பிடிப் படகு மோதிப் பதினொருவர் உயிரிழந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ரயில்வேயில் ஒரு முறை உண்டு. ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொரு வண்டிக்கு 'லைன் கிளியர்' கொடுக்கப்படுவதில்லை. டிரைவர் கெட்டிக்காரர், ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர் என்ற நம்பிக்கையோடு நின்றுவிடாமல், தவறு செய்ய முயன்றாலும் கருவி இடங்கொடாதபடி அமைத்தார்கள் முன்னோர். ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை செல்லும் கொச்சி மெட்ரோவில் வண்டிகளுக்கிடையே உள்ள தூரத்தை வானொலிச் செய்தியின் துணையால் இயந்திரமே காக்கிறது. அந்த மரபு படகுத்துறைக்கும் வந்துவிட்டதே என்று யாம் மகிழ்ந்தோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டதென்று, 'இனி ஏறாதீர்கள்' என்ற குரலைக் கேளாதவர்போல் நடித்து நிறைந்த படகில் முண்டியடித்து ஏறியவர்களில் யாமும் ஒருவர். பேராசையினால் அன்று, அடுத்த படகு எப்போது வருமோ என்ற அச்சத்தினால். குமரகத்தில் தேர்வுக்குப் புறப்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த அச்சமே இருந்திருக்கும். கதவு நூறோடு மூடிக்கொள்கிறது. நூற்றோராவது ஆளின் கதி என்ன? அடுத்த படகு விரைவில் வருமாயின் அவர் நிற்பார். வாராவிடில் கட்டணம் குறைந்த பழைய படகிலோ, பஸ்ஸின் படியிலோ தொற்றிக்கொள்வார். ஆபத்து நீங்கவில்லை, இடம் மாறிற்று, அவ்வளவே.

திட்டத்தில் கண்டவை 78 படகுகள், 38 துறைகள். நம் முனையம் திறந்த நாளில் படகுகளில் மூன்றில் ஒரு பங்குகூட வந்து சேர்ந்திருக்கவில்லை. பஸ், படகு, ஆட்டோ, மெட்ரோ யாவற்றையும் ஒருங்கே திட்டமிடுவதற்கென 2020 நவம்பரில் கொச்சியில் பெருநகரப் போக்குவரத்து ஆணையமும் தொடங்கப்பட்டது. மெட்ரோ வந்து நிற்கும் நேரத்தில் படகும், படகு வந்து நிற்கும் நேரத்தில் பஸ்ஸும் இருக்க வேண்டும் என்பது குமாஸ்தாக்களுக்கும் விளங்கும் கணக்குதான்.

எனவே, காலையில் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் நேரத்தில் மட்டாஞ்சேரிக்கு மேலும் படகுகள் விடவும், மாணவர்க்கும் முதியோர்க்கும் கட்டணம் குறைக்கவும் கோரும் மனு ஒன்றைச் சங்கத்தார் எழுதியுள்ளனர். அது வாசலருகே மேசைமீது உள்ளது. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் குடும்பத்திற்கு ஒருவராவது கையொப்பமிட வேண்டுகிறோம். பேனா கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துச் செல்ல முடியாது.