தாயின் கையிற் கமரா

முன்னாளிலே குடும்பப் படம் எடுப்பதென்றால் அதற்கு ஒரு நாள் குறிப்பார்கள். தகப்பனார் வேட்டி சால்வையோடும், தாயார் பட்டுச் சேலையோடும், பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடும் பட்டணத்து ஸ்ரூடியோவுக்குப் புறப்படுவார்கள். அங்கே சீலையிலே தீட்டிய மாளிகையும் பூந்தோட்டமும் பின்னால் தொங்கும். பெரியவர்கள் நாற்காலியில் அமர, பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, கறுப்புத் துணிக்குள்ளே தலையை நுழைத்துக்கொண்ட படப்பிடிப்பாளர், "அசையாமல் இருங்கோ" என்று ஆணையிடுவார். அவர்களும் அசையாமல் இருந்தார்கள். அவ்வாறு எடுத்த படங்கள் பழைய வீடுகள் சிலவற்றின் சுவர்களிலே இன்றும் தொங்குகின்றன. அவற்றிலே கண்ணியம் உண்டு, முகக்களையும் உண்டு. ஆனால், வீடு இல்லை. அந்தத் தாயார் எந்தக் குசினியிலே சமைத்தார், அந்தப் பிள்ளைகள் எந்தக் கிணற்றடியிலே குளித்தார்கள், தகப்பனார் மாலை வேளையிலே எந்தத் திண்ணையிலே சாய்ந்திருந்தார் என்பவற்றை அப்படங்கள் சொல்வதில்லை.

இன்று கமரா வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அது இலக்கமுறைக் கமரா. அஃதாவது, ஒளியை எண்களாக மாற்றிச் சேமிக்கும் கருவி. முன்னர்ப் படச்சுருள் இருந்த இடத்திலே ஒளியை உணரும் சிறியதொரு தகடு இருக்கின்றது. அத்தகட்டிலே நுண்ணிய கட்டங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. தன்மீது விழுந்த ஒளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு கட்டமும் ஓர் எண்ணாகத் தருகின்றது. அந்த எண்களின் கூட்டமே படம்.

இந்த முறையின் தொடக்கத்திலே ஒரு தகப்பனும் ஒரு குழந்தையும் இருப்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1957ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்திலே கடமையாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், படமொன்றைக் கணினிக்குள்ளே செலுத்தும் கருவியொன்றைத் தம் துணைவர்களோடு சேர்ந்து அமைத்தார். கருவியைச் சோதிக்க ஒரு படம் வேண்டும். மாளிகையையோ மலையையோ அவர் தேடிப்போகவில்லை. மூன்று மாதமே நிரம்பிய தம் மகனின் புகைப்படத்தைக் கொடுத்தார். ஐந்து சதமமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்ட அப்படம், பக்கத்துக்கு 176 கட்டங்களாக, மொத்தம் 30,976 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் கணினியிலே தோன்றியது. இன்று கைத்தொலைபேசி எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் அது வெறும் புள்ளிக் கோலம். ஆயினும், அது குழந்தையின் முகம் என்பதிலே ஐயமில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின், 1975இலே, கொடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சசன் கையிலே தூக்கக்கூடிய இலக்கமுறைக் கமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோகிராம், ஒரு படத்தை ஒலிநாடாவிலே பதிய அதற்கு 23 விநாடிகள் வேண்டியிருந்தன. பின்னர், 1997 யூன் 11ஆந் திகதி, கலிபோர்னியாவின் மருத்துவமனை ஒன்றிலே மனைவியின் பிரசவத்துக்காகக் காத்திருந்த பிலிப் கான் என்பவர், சிறு கமராவையும் மடிக்கணினியையும் கைத்தொலைபேசியையும் ஒன்றோடொன்று பிணைத்து, அன்று பிறந்த மகளின் படத்தை உற்றார் நண்பர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அனுப்பிவைத்தார். விஞ்ஞானிகள் எவ்வளவோ காரியங்களுக்காக இக்கருவிகளைச் செய்தார்கள் என்று சொல்லப்படும். தகப்பன்மார் அவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது வெளிப்படை.

இனி, இக்கருவியைக் கற்கப் புகும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளலாம். கொக்குவிலிலே வீடு; ஆசிரியத் தொழில்; பத்து வயதிலே ஒரு மகன், நான்கு வயதிலே ஒரு மகள், உடன் வாழும் தாயார். கனடாவிலிருக்கும் தம்பி, தான் பாவித்த கமராவை அனுப்பிவைக்கின்றான். முதல் வாரத்துப் படங்கள் அவளுக்குப் பெரும் ஏமாற்றம். கமரா தன்னிச்சையாகவே பிளாஷ் விளக்கை எரிக்கின்றது. மகளின் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துவிடுகின்றது. பின்னாலுள்ள அறையோ இருண்டுபோகின்றது. கண்ணைக் கூசிய பிள்ளை, "போதும், வையுங்கோ அம்மா" என்று ஓடிவிடுகின்றாள். விளக்கை நிறுத்திப் பார்த்தால் வேறொரு குறை: முகம் இயல்பாகத் தெரிகின்றது, ஆனால் எல்லாம் கலங்கிப்போகின்றன.

ஏன் கலங்குகின்றது என்று ஆராய்வதிலேதான் படிப்புத் தொடங்குகின்றது. குழாயடியிலே குடம் நிரப்புவதை நினைத்தால் இது விளங்கும். குழாயைப் பெரிதாகத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும். சிறிதாகத் திறந்தால் நெடுநேரம் பிடிக்கும். கமராவின் வில்லையிலே உள்ள துவாரம் அந்தக் குழாய். மூடி எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது என்பது நிரப்பும் நேரம். வீட்டுக்குள்ளே ஒளி குறைவு. ஆகவே கமரா மூடியை நெடுநேரம் திறந்து வைக்கின்றது. அந்த நேரத்திலே பிள்ளை தலையைத் திருப்பிவிடுகின்றாள். அமைதியாக இருந்து படிக்கும் பிள்ளைக்கு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு போதும். முற்றத்திலே ஓடும் பிள்ளைக்கு இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வேண்டும். ஊஞ்சலிலே பறக்கும் பிள்ளைக்கு அதுவும் போதாது. இவற்றோடு தகட்டின் உணர்திறன் என்று மூன்றாவதொன்றும் உண்டு. அதை 1600, 3200 என்று உயர்த்தினால் மங்கிய ஒளியிலும் படம் விழும். ஆனால், படத்தின்மேல் மணல் தூவியதுபோன்ற பொருக்கு எழும். பொருக்குப் படிந்த படமும் ஒரு படமே. கலங்கிய முகத்தைத் திருத்த வழியில்லை. இதை உணர்வதற்கு அவளுக்கு ஒரு மாதம் செல்கின்றது.

துவாரத்தின் எண்கள் அவளை இன்னும் தடுமாற வைக்கின்றன. எண் சிறிதானால் துவாரம் பெரிது. எண் பெரிதானால் துவாரம் சிறிது. கமராவோடு வந்த வில்லையிலே துவாரத்தின் எண் 3.5க்குக் கீழே இறங்காது. 1.8 வரை இறங்கும் வில்லையொன்று கிடைத்தால், ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும். அப்படியொன்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலே வாங்குகின்றாள். வாங்கியபின் புதியதொரு தொல்லை: அருகே நின்று எடுத்தால் மூக்கு நுனி தெளிவாகவும் கண்கள் மங்கலாகவும் அமைகின்றன. கண்ணிலே குவியத்தை வைத்தல் வேண்டும் என்பது அடுத்த பாடம். முழந்தாளிட்டு, பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து நின்று எடுத்தல் வேண்டும் என்பது அதற்கு அடுத்த பாடம். நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படங்களிலே பிள்ளையின் உச்சந்தலையும் தரையுமே மிகுந்திருந்தன.

ஆனால், கருவியைப் பற்றிய இப்பாடங்களைவிட, அவள் தன் வீட்டைப் பற்றிக் கற்பவையே மேலானவை. பத்து வருடமாக அதே வீட்டிலே வாழ்ந்தும், எந்த ஒளி எப்போது எங்கே விழுகின்றது என்று அவள் பார்த்ததில்லை. நண்பகலிலே முற்றத்து வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்து கண்குழிகளை இருளாக்குகின்றது; அந்த நேரத்திலே படம் எடுப்பது வீண். காலையிலே பாதி திறந்த கதவுக்குப் பக்கத்திலே, வெயில் நேரே படாத இடத்திலே, முகத்தின் ஒரு பக்கம் ஒளியும் மறு பக்கம் மெல்லிய நிழலுமாக அமைகின்றது. அந்த இடத்திலேதான் அவளுடைய தாயார் நாள்தோறும் திருவலையிலே அமர்ந்து தேங்காய் திருவுகின்றார். இத்தனை காலமும் ஒரு நல்ல படம் அங்கே அமர்ந்திருந்தது!

கமராவைக் கண்ட கிழவியோ கையை உயர்த்தித் தடுக்கின்றார். "இந்தக் கோலத்திலே என்னை எடுக்காதை பிள்ளை. சீலை மாத்திக்கொண்டு வாறன்." வந்து, நாற்காலியிலே நிமிர்ந்து அமர்ந்து, கைகளை மடியிலே வைத்து, அசையாமல் இருக்கின்றார். ஸ்ரூடியோவிலே கற்ற பாடம் அவருக்கு மறக்கவில்லை. இங்கே மகள் செய்வது கவனிக்கத்தக்கது. முதியவரின் விருப்பத்தைச் சிரித்துத் தள்ளாமல், முதலில் அவர் கேட்ட படத்தையே எடுக்கின்றாள். தன் முகம் எவ்வாறு காணப்படவேண்டும் என்று சொல்லும் உரிமை அம்முகத்துக்குரியவருடையது. கமரா வைத்திருப்பவர் பலர் இதை மறந்துவிடுகின்றார்கள். திருவலைப் படத்துக்கு மேலும் இரண்டு மாதம் செல்கின்றது. அதற்குள்ளே கிழவிக்குக் கமரா பழகிவிட்டது. ஒரு நாள் அவரே, "எடுத்தால் எடு" என்று விட்டுவிடுகின்றார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. செத்த வீடொன்றுக்குப் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அங்கே, கண்ணீருக்கிடையிலும், ஒருவர் படம் தேடிக்கொண்டிருப்பார். இறந்தவர் எழுபது எண்பது ஆண்டுகள் வாழ்ந்தவராக இருப்பார். மாலை சூட்டி வைப்பதற்கு ஒரு படம் இராது. ஈற்றிலே யாரோ ஒருவருடைய கலியாணப் படத்தின் மூலையிலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுத்துப் பெருப்பிப்பார்கள். அல்லது தேசிய அடையாள அட்டையின் படத்தைப் பெருப்பிப்பார்கள். பெரும்பாலும் அவ்வாறு தேடப்படுவது ஒரு பெண்ணின் முகமாக இருக்கும். இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் வேறு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள் கையிலே கொள்ளக்கூடியதையே கொண்டு போனார்கள்; அல்பங்கள் பல வீடுகளோடு நின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோனவற்றிலும் அல்பங்கள் இருந்தன. ஆகவே, இங்கே ஒரு பெட்டி நிறைந்த பழைய படங்கள் உள்ள குடும்பம் கொடுத்துவைத்த குடும்பம்.

முதிர்ந்த வயதிலே படம் எடுக்கக் கற்ற தாய்மார் முன்னும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் இலங்கை மண்ணிலேயே உறங்குகின்றார். பாடசாலையிலே கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவைப் படித்தவர்கள் கமரன் என்ற பெயரை அறிவார்கள். அவருடைய மனைவி ஜூலியா மார்கரட் கமரன். கமராவுக்கும் அப்பெயருக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதே! 1863ஆம் ஆண்டு நத்தார் காலத்திலே, 48 வயதிலே, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அதை எங்கே வைப்பது, எவ்வாறு குவியப்படுத்துவது என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. கண்ணாடித் தகட்டிலே ஈரமருந்து பூசி எடுக்கும் காலம் அது. தகட்டின் மருந்துப் பக்கத்தைக் கையாலே தேய்த்து, எடுத்த முதற் படத்தையே அழித்துவிட்டார். வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். பணிப்பெண்களும் அயற் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர் முன்னே அமர்ந்தார்கள். அவர் படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து வல்லுநர்கள் குறை கூறினார்கள். அந்த மென்மையே பின்னாளிலே அவருக்குப் புகழ் தந்தது. 1875இலே கணவரோடு இலங்கைக்கு வந்து, இங்கும் தோட்டத் தொழிலாளர் சிலரைப் படம் பிடித்து, 1879 ஜனவரியிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்து முற்றத்திலே அவருடைய கல்லறையைக் காணலாம்.

அவருடைய கண்ணாடித் தகடு விழுந்தால் உடையும். கொக்குவில் தாயின் படங்களோ உடையாமலே மறைந்துபோகக்கூடியவை. கைத்தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தாலும், விரலளவுச் சேமிப்பு அட்டை பழுதானாலும், ஒரு வருடத்துப் பிள்ளைப்பருவம் முழுவதும் போய்விடும். அவளுக்கு அது ஒருமுறை நேர்ந்தது. மகளின் மூன்றாவது பிறந்தநாள் இப்போது எங்கும் இல்லை. அதன்பின் மாதம் ஒருமுறை படங்களைத் தனி வன்தட்டிலே பிரதி செய்து, மற்றொரு பிரதியைத் தம்பிக்கு அனுப்புகின்றாள். நூறு படத்துக்கு ஐந்தைத் தெரிந்து காகிதத்திலே அச்சிடுவித்து, பின்புறத்திலே பெயரும் திகதியும் இடமும் எழுதுகின்றாள். தெரிதல் எடுப்பதினும் கடினம். படச்சுருளிலே முப்பத்தாறு படம் என்ற எல்லை முன்னோருக்கு இருந்தது, இவளுக்கு எல்லை இல்லை.

அப்படித் தெரிந்துகொண்டிருந்த ஓரிரவிலே மகன் பக்கத்தில் வந்து நின்றான். மேசையிலே பரப்பியிருந்த படங்களைப் பார்த்தான். தங்கச்சி இருந்தாள், அம்மம்மா இருந்தார், அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, இதிலே நீங்கள் ஒன்றிலும் இல்லையே?" என்று கேட்டான்.

மறுநாட் காலை, பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்திலே, கதவடியிலே அமர்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் கமராவின் ஓசையைக் கேட்டுத் திரும்பினாள். படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. குவியம் அவள் முகத்திலே அன்று, வாயிலே கவ்வியிருந்த சீப்பிலே விழுந்திருந்தது. குளித்து முடிக்காத தலை, தோளிலே ஈரத் துவாய். மகன் கமராவின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினான். "இந்தக் கோலத்திலே..." என்று தொடங்கியவள், திருவலைக்கு அருகிலிருந்து எழுந்த சிரிப்பைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்த மாதம் அச்சுக்குப் போன ஐந்து படங்களுள் அதுவும் ஒன்று. பின்புறத்திலே பெயரும் திகதியும் மகனின் கையெழுத்திலே உள்ளன.