அல் நஸ்ருக்கு வந்து போனவர்கள்

நேரலையில் ஊரிலிருந்து பார்க்கிறவர்கள் எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் எனக்காக உட்கார்ந்திருப்பதற்கு நன்றி.

விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் கால்பந்துப் பேச்சை என் அளவுக்குக் கேட்டவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அதே ஆட்கள் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். ஒரு கையில் ஊசி இருக்கும், அசைக்கக்கூடாது. தண்ணீரும் அளந்துதான். மிச்சம் இருப்பது வாய் மட்டும்.

நான் சொல்லப்போகிற இரண்டு பேரின் பெயரைச் சொல்லமாட்டேன். அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நோயாளியைப் பற்றி எழுதுகிற நர்சுக்கு அது கடமை.

ஒருவர் எங்கள் கன்னியாகுமரி கடற்கரைக்காரர், தூத்தூர் பக்கம். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இன்னொருவர் இந்த ஊர்க்காரர், வயதான எமிராத்தி. நாங்கள் எல்லோரும் பாபா என்போம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை அரபி, அரைகுறை இந்தி, முழுசாக ஒரு கிளப். அல் நஸ்ர்.

ரொனால்டோ ஆடுகிற சவூதி அல் நஸ்ரைச் சொல்லவில்லை. இது துபாய் அல் நஸ்ர். 1945இல் தொடங்கியது, அமீரகத்தின் மிகப் பழைய கிளப். நீலச் சட்டை. ஊத் மேத்தாவில் அவர்களுடைய அல் மக்தூம் அரங்கம் இருக்கிறது. எங்கள் செயின்ட் மேரீஸ் கோயிலிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்த காலத்தில், தமிழ்ப் பூசை முடிந்து நம் ஆட்கள் வாசலில் டீயோடு நின்று பேசியதில் பாதி, குருவானவர் சொன்ன பிரசங்கத்தைப் பற்றி இருக்காது, அல் நஸ்ரைப் பற்றித்தான் இருக்கும். தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஆட்கள் கூடுகிற இடத்தில் பந்து இல்லாமல் பேச்சு கிடையாது.

அல் நஸ்ர் லீக் ஜெயித்தது மூன்று தடவை. 1978, 1979, 1986. அதோடு சரி. மாமா துபாயில் வந்து இறங்கியது 1979இல். "நான் வந்தப்போ நம்ம டீம்தான் மக்களே சாம்பியன்" என்பார், என்னவோ அவர் வந்து சேர்ந்ததால்தான் ஜெயித்த மாதிரி. இங்கிலாந்து தேசிய அணியின் வேலையை விட்டுவிட்டு அமீரகத்துக்கு வந்த டான் ரெவி, பிறகு 80களின் தொடக்கத்தில் அல் நஸ்ருக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ரெவி ஓரத்தில் நின்று கத்துவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததாக மாமா சொல்வார். பாபா 1986 அணியின் பெயர்களை ஜெபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரிவு. சரிவுக்குக் காரணம், பணத்துக்காக வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்.

பாபாவுக்கு அதிகக் கோபம் லூகா டோனி மேல். 2006இல் உலகக் கோப்பை ஜெயித்த இத்தாலி அணியில் இருந்தவர். 2012 ஜனவரியில், 34 வயதில் யுவென்டஸிலிருந்து அல் நஸ்ருக்கு வந்தார். சில மாதங்கள் ஆடினார், கொஞ்சம் கோல் போட்டார், அந்த ஆகஸ்டில் திரும்பிப் போய்விட்டார். அந்த சீசனில் அணி இரண்டாவது இடம் பிடித்தது என்று மாமா ஞாபகப்படுத்துவார். பாபா ஏற்கமாட்டார். "அவன் சுற்றுலாவுக்கு வந்தவன். கல்லி வல்லி" என்று கையைத் தூக்குவார். ஊசி இருக்கிற கையை. உடனே மிஷின் அலாரம் அடிக்கும். டோனியால் எனக்கு வந்த வேலை அது.

அதே சமயம் மார்க் பிரெஷியானோ என்ற ஆஸ்திரேலியக்காரரும் அங்கே ஆடினார். ஒப்பந்தம் முடியும் முன்பே கத்தாரின் அல் கராஃபாவுக்குப் போய்விட்டார். வழக்கு நடந்து, நாலு மாதத் தடையும் பெரிய அபராதமும் வந்தது. அதைக் கேட்டு மாமா சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. "பாத்தியா மக்களே, அவனுக்கும் பேன்." வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டால் ஆறு மாதம் பேன் விழும் என்ற பயத்தில், பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் நாமெல்லாம்.

2015 மே மாதம் வார்டு டிவியில் ஒரு செய்தி ஓடியது. அதே டோனி, 38 வயதை எட்டுகிற நேரத்தில், வெரோனா என்கிற சின்னக் கிளப்புக்காக 22 கோல் அடித்து இத்தாலி லீக்கில் இகார்டியோடு சேர்ந்து அதிக கோல் அடித்தவர் ஆகியிருந்தார். பாபாவுக்கு அது அவமானமாகப் பட்டது. இங்கே ஓட முடியாதவன் அங்கே எப்படி ஓடுகிறான்? நம்மை ஏமாற்றியிருக்கிறான் அல்லவா?

மாமா பொதுவாக பாபாவை எதிர்த்துப் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். எல்லாம் கலந்த அந்த மொழியில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். "பாபா, நானும் காசுக்குத்தான் வந்தேன். இந்த சிஸ்டரும் காசுக்குத்தான் வந்தாள். காசுக்கு வந்தவன் வேலை செய்யமாட்டான்னு சொல்லாதீங்க. இங்கே அவனுக்குப் பந்து போட்டுக் கொடுக்க யார் இருந்தா?"

பாபா பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நானும் ஏஜென்சி வழியாக ரெண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவள்தான். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவேன். இங்கே முதல் மாதத்தில் கை நடுங்கியது. ஒரு நோயாளி, புது ஆள் வேண்டாம், பழைய சிஸ்டரைக் கூப்பிடு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். குளியலறையில் போய் அழுதேன். நான் மோசமான நர்ஸ் இல்லை. அந்த மிஷின் புதிது, மொழி புதிது, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விலை கொடுத்து வாங்கியவன் சரியில்லை என்று அரங்கத்தில் கத்துகிறவர்களுக்கு அவன் வந்து எத்தனை வாரம் ஆகிறது என்ற கணக்கு இருப்பதில்லை.

அந்த ஜூனில் அல் நஸ்ர் பிரசிடென்ட் கோப்பையை ஜெயித்தது. பாபா வார்டுக்கே அல்வா கொண்டுவந்தார். பொட்டாசியம் கூடும் என்று சொல்லிச் சொல்லிப் பேரீச்சம்பழத்தை மட்டும் பிடுங்கி வைத்தோம். லீக் இல்லையே என்ற குறை அப்போதும் அவருக்கு இருந்தது.

அடுத்த வருடம்தான் பெரிய அடி. 2016 ஆகஸ்ட், ஆசிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. கத்தாரின் எல் ஜைஷை அல் நஸ்ர் 3-0 என்று ஜெயித்தது. புதிதாக எடுத்திருந்த பிரேசில்காரர் வாண்டர்லி அதில் ஆடினார். அப்போது ஒரு கிளப் மூன்று வெளிநாட்டுக்காரர்களோடு நாலாவதாக ஆசியக்காரர் ஒருவரைச் சேர்க்கலாம். வாண்டர்லி இந்தோனேசிய பாஸ்போர்ட்டில் ஆசியக்காரராக வந்திருந்தார். அந்தப் பாஸ்போர்ட் செல்லாது என்று முடிவாகி, 3-0 வெற்றி 0-3 தோல்வியாக மாற்றப்பட்டது. அணி வெளியேறியது.

பாபா பொரிந்து தள்ளினார். மாமா இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. ஊசியை எடுத்து, ரத்தம் நிற்கப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார். 1979இல் அவருக்கு வயது 18. பாஸ்போர்ட்டில் 22. வயது கூட இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று ஊரில் ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது. "அப்போ நாலு வயசு கூடினது நல்லதாப் பட்டது. இப்போ அந்த நாலு வருசத்தைத் திருப்பிக் கேக்க முடியாது பாத்துக்க."

2017இல் பாஸ்போர்ட் கணக்கில் அவருக்கு 60. கம்பெனி விசாவைப் புதுப்பிக்கவில்லை. விசா போனால் இன்ஷூரன்ஸ் போகும், இன்ஷூரன்ஸ் போனால் டயாலிசிஸ் போகும். நான் செய்தது ஒன்றுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டுவதற்கு அவருடைய கேஸ் சம்மரியை எழுதி வாங்கிக் கொடுத்தேன். கடைசி நாளில் பாபா தன்னுடைய நீல மஃப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அந்த நாற்காலிக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார், அதுவும் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போன பிறகு மாமாவுக்கு சென்னை சிட்டி எஃப்.சி. பைத்தியம் பிடித்தது. பக்கத்து இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ் அதில் ஆடியிருந்தான் என்பது ஒரு காரணம். 2019 மார்ச்சில் அவர்கள் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை ஜெயித்து ஐ-லீக் சாம்பியன் ஆனபோது, டூட்டி நேரம் என்றும் பார்க்காமல் எனக்கு போன் செய்தார். பெட்ரோ மன்சி என்பவர் அந்த சீசனில் 21 கோல் அடித்தவர். சாம்பியன் ஆகி ரெண்டு வருடம் தாண்டியதும் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. அதைப் பார்க்க மாமா இல்லை.

நான் அவரோடு கடைசியாகப் பேசியது 2020 ஜனவரியில். மன்சி சீசன் நடுவிலேயே ஜப்பான் கிளப்புக்குப் போகிறார் என்ற செய்தி வந்த சமயம். பாதியில் விட்டுப் போகிறானே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நல்ல சம்பளமாமா?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா."

"விசாரிச்சுச் சொல்லு."