புத்தகம் பார்க்காமல் முற்பணம் வேண்டாம்

(கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிறு சந்திப்பில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைக் களஞ்சியங்களிலும் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக சம்பளம், லீவு, சேமலாப நிதி பற்றிப் பேசுவோம். இன்று பழைய வாகனம் வாங்குவது பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம், இதுவும் சேமலாப நிதிப் பேச்சுதான். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து நின்று எடுக்கிற காசில் ஒரு பகுதி வீட்டுக் கூரைக்குப் போகிறது. மீதியை "மகன் கொழும்பில் ஒரு வேன் பார்த்து வைத்திருக்கிறான்" என்று இங்கே அனுப்பிவிடுகிறார்கள்.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் 3 இலட்சம் ரூபா முற்பணம் என்பது 222 நாள் பேர். அட்டைக்கடியோடு பறித்த அவ்வளவு கொழுந்தையும் காலி வீதியோரம் பத்து நிமிடப் பேச்சில் கொடுத்துவிடுகிறோம்.

விற்கிறவர் முதலில் நீட்டுவது புகைப் பரிசோதனைச் சான்றிதழை. "பாஸான வண்டி தம்பி" என்பார். அந்தப் பரிசோதனை 2008இல் வந்தது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது வேண்டும். ஆனால் அது பார்ப்பது புகையை மட்டும்தான். பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ அடிச்சட்டத்தையோ அது பார்ப்பதில்லை. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் முழுப் பரிசோதனை உண்டு. இங்கே தனியார் காருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் புகைச் சான்றிதழ் என்ன செய்யும்?

ஆகவே வண்டியின் பழைய கதையை நாமே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பழைய புகைச் சான்றிதழ்களையும் சர்வீஸ் பில்களையும் கேளுங்கள். அவற்றில் கிலோமீட்டர் எழுதியிருந்தால் வருட வரிசையில் வைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் 1,40,000 ஓடிய வண்டி இன்று 85,000 காட்டினால் அதோடு பேச்சை முடித்துவிடலாம். பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகமும் கிடைக்கும், மீற்றர் உட்பட.

ஜப்பானில் ஓடி வந்த ரீகண்டிஷன் வண்டி என்றால் ஏல அறிக்கையைக் கேளுங்கள். 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும். 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. வண்டியின் படத்தில் 'எக்ஸ்எக்ஸ்' என்ற இடத்தில் பாகம் மாற்றியிருக்கிறார்கள். திருத்திய வண்டி எல்லாமே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். ஆனால் அந்தத் தாளையே போலியாக அடிக்கிறவர்களும் உண்டு. செசி இலக்கத்தைக் கொடுத்தால் அறிக்கையைத் தனியாக எடுத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. அதற்கான கட்டணம் வீண்செலவு அல்ல.

இனி, எங்களிடம் வரும் முறைப்பாடுகளில் அதிகமானது புத்தகம் பற்றியது. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளரோடு லீசிங் கம்பனியின் பெயரும் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கம்பனியிடமே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் முழுக்காசும் கொடுத்து வேன் வாங்கியது. நான்காம் மாதம் கம்பனிக்காரர் லயத்து வாசலிலிருந்தே அதை எடுத்துக்கொண்டு போனார்கள். முந்தியவர் தவணை கட்டவில்லை. அந்த அம்மா கையில் இருந்தது ஒரு வெற்றுப் பற்றுச்சீட்டு.

"ஓப்பன் பேப்பர்" என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு நாலு கை மாறிய வண்டியையும் தொட வேண்டாம். உரிமை கைமாறினால் பதிவு உரிமையாளர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் எடுக்கலாம். அதில் உள்ள செசி, என்ஜின் இலக்கங்களை வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கீறியோ ஒட்டியோ இருந்தால் விலகுங்கள்.

கொழும்பு வண்டிக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வருடக்கணக்கில் நின்றதென்றால் உப்புக்காற்று அடித்தட்டைத் தின்றிருக்கும். கராஜில் தூக்கி, அடியைப் பாருங்கள். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டியப் பக்கம் வெள்ளம் வந்தது போல, தண்ணீரில் நின்ற வண்டிகளும் கழுவிப் பூசி விலைக்கு வரும். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு தெரியும். கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கள்.

பார்க்கப் போகும்போது விற்கிறவர் சொல்லும் பாஸைக் கூட்டிப் போகாதீர்கள். நம் ஊர்ப் பையன்கள் கராஜ்களில் வேலை செய்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கூட்டிப் போங்கள், பகலில் போங்கள். "இன்னொருவர் காசோடு வருகிறார், இப்பவே தாங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

வாகனம் பார்த்து வைத்திருக்கிறவர்கள் புத்தகத்தின் பிரதியைக் கொண்டு வந்திருந்தால் இப்போதே முன்னுக்கு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.